மிஸிஸ் லின்டின் மாச்சாக்கு

சேசு மரி சூசை
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
20.02.2005

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி இமெல்டா எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் நானும் இவரும் மகன் நிஷானும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி? போன தடவை அங்கே கடைக்குப் போன் எடுத்தபோது என் சத்தம் உங்களுக்குக் கேட்கவேயில்லை. கடைக்காரப் பொடியன் நடுவில் நின்று, "தங்கச்சி சுகமாம், தங்கச்சி சுகமாம்" என்று கத்தினான். இனிமேல் எங்களுக்குக் கடிதம்தான் சரி. கடைக்கு வருகிற சனம் முழுக்க எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டு போகத் தேவையில்லை.

புது வேலை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நோத்ர-டாம்-த-கிரேஸில் மிஸிஸ் லின்ட் என்றொரு கிழவி. தொண்ணூற்றிரண்டு வயது, தனி ஆள். கண் மங்கல், வாய்க்கு ஒரு பழுதும் இல்லை. நான் காலமையில் போய் அவவைக் குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். செவ்வாயும் வெள்ளியும் மரி-ரோஸ் என்ற ஹெயிட்டிக்காரி வந்து வீடு துடைத்துத் துணி தோய்ப்பாள். இந்த வேலைக்கு என்னை ஏஜென்சியில் சொல்லிவிட்டவளே அவள்தான். என் ஓட்டைப் பிரெஞ்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள், பேந்து திருத்தியும் விடுவாள்.

கிழவி பிறந்தது கனடாவின் நடுவில், சஸ்காச்சுவான் என்கிற கோதுமை விளையும் மாகாணத்தில். தாய் தகப்பன் சுவீடனிலிருந்து கப்பலேறி வந்து, வெறும் புல்வெளியில் மண்குடிசை கட்டிக் கமம் செய்தார்களாம். அந்தக் காலத்துக் கடுதாசிகளை ஒரு பிஸ்கற் தகரம் நிறைய வைத்திருக்கிறா. என்னென்ன என்று சொன்னால் சிரிப்பீர்கள். கோதுமையைத் தராசில் நிறுத்த இடத்தில் கொடுத்த ரசீதுத் துண்டு, விதை தீர்ந்த வெறும் பைக்கற்றுகள், பள்ளிக்கூட நத்தார்ப் பாலன் விழாவின் நிகழ்ச்சி நிரல், தபாலில் சப்பாத்து எடுப்பிப்பதற்காகக் காலைப் பேப்பரில் வைத்துச் சுற்றிவரக் கீறிய படம். எங்கள் வீட்டில் என்றால் ஒரு நேர அடுப்பு மூட்டக் காணும். இந்த வருசம் அந்த மாகாணத்துக்கு நூறு வயதாம். அங்கேயிருந்து ஒரு சின்ன மியூசியத்துப் பெண் ஜூனில் வந்து, இந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறாளாம்! ஒவ்வொன்றாய் எடுத்துப் பிளாஸ்ரிக் உறைக்குள் போடுவது இப்போது என் வேலை.

எங்கள் பங்குக் கோயிலில் பாட்டுக்குழு நடத்துகிற கிறிஸ்தோப்பர் அண்ணை அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு சின்னப் பார்சல் கொடுத்துவிடுகிறேன். உங்கள் பேத்தி ஜெயனிக்குக் கலர்ப் பென்சில், உங்களுக்கு முழங்காலுக்குப் பூசும் எண்ணெய், அதோடு ஒரு துணி. அந்த வீட்டில் சும்மா கிடந்தது. பழங்காலப் பருத்தி, இறுக்கமான நெசவு. புட்டுக்கு மா கட்டி அவிக்க இப்படியொரு துணி இங்கே தேடினாலும் கிடைக்காது. எடுத்துப் பாவியுங்கோ.

ஜெயனிக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
இமெல்டா

*

பாசையூர், யாழ்ப்பாணம்
03.04.2005

என் தங்கச்சி இமெல்டாவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். எனக்கு முழங்கால் அப்படியே, காது அதைவிட மோசம். தாயும் தகப்பனும் கொழும்பில் வேலையில் நிற்பதால் ஜெயனி என்னோடுதான். ஆறு வயதில் அறுபது வயதுக் கதை கதைக்கிறாள்.

கிறிஸ்தோப்பர் வந்து பார்சலைத் தந்தார். மரியாதைக்கு அவர் முன்னாலேயே பிரித்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

ஏனடி, கனடாவிலிருந்து அக்காவுக்கு மாச்சாக்கா அனுப்பினாய்? நான் துணியை விரித்துப் பிடிக்கிறேன், நடுவில் நீலத்தில் கோதுமைக் கதிர்க்கட்டு, சுற்றிவரச் சிவப்பில் இங்கிலீசு எழுத்து, கீழே தொண்ணூற்றெட்டு இறாத்தல். கிறிஸ்தோப்பர் பாவம், முகட்டைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கௌரி வேலிக்கு மேலால் எட்டி, "அங்கையும் மாச்சாக்குத்தானோ மாமி?" என்று கேட்டாள். என் தோல் உரிந்து போயிற்று.

உனக்கு அப்போது நாலு வயது, மறந்திருப்பாய். அம்மா கோதுமை மா வந்த மாச்சாக்கில் தைத்த உள்பாவாடையோடு நான் கொன்வென்ருக்குப் போனேன். எழுத்துப் போகும்வரை தோய்க்க அம்மாவுக்கு எங்கே நேரம்? கோயிலில் முழந்தாளிட்டுக் குனிந்தபோது சட்டை மேலே போய்ப் பின்பக்கத்தில் எழுத்துத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தை விட்டு விலகும்வரைக்கும் என் பெயர் மாமூட்டை. அடுத்த வருசம் நானாகவே படிப்பை விட்டேன். படிப்பு ஏறவில்லை என்று அம்மா நினைத்தா. இவ்வளவு காலமும் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை, இப்போது உனக்குச் சொல்கிறேன்.

அனுப்ப ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் அனுப்பாதே. அதில் ஒரு குறையும் இல்லை.

அக்கா
யோசெப்பின்

*

மொன்றியல்
24.04.2005

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம், நிஷானுக்கு மட்டும் மூக்கடைத்துக் கொஞ்சம் தடிமன்.

உங்கள் கடிதத்தை மெற்றோவில் வைத்து வாசித்தேன். பக்கத்திலிருந்த மனிசி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடுதாசிக் கைக்குட்டை நீட்டினா. என்னை மன்னியுங்கோ. அந்தோனியார் மேல் ஆணை, உங்களை இளக்காரமாக நினைத்து அனுப்பவில்லை. துணியை மடித்தபடி பார்த்தேன், நெசவைத் தொட்டுப் பார்த்தேன், மா அவிக்க நல்லது என்று மட்டும்தான் புத்தியில் பட்டது. விரித்துப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

உங்கள் உள்பாவாடைக் கதை எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா எங்களை மாச்சாக்கோடு வெளியே விடுவதற்கு வெட்கப்பட்டது தெரியும். கடைக்காரரிடம் வெறும் சாக்குக் கேட்க என்னைத்தான் அனுப்புவா. சின்னப் பிள்ளை கேட்டால் வெட்கமில்லையாம். கேட்டுவிட்டு நான் அழுதுகொண்டு வருவேன்.

இங்கே கிழவி கொஞ்ச நாளாய்க் குசினி லாச்சிகளை இழுத்துத் திறந்து கையால் துழாவிக்கொண்டு திரிகிறா. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால், மியூசியத்துக்குக் கொடுக்க இன்னும் ஒரு சாமான் இருக்கிறது என்கிறா. வயது போனால் அப்படித்தான்.

அக்கா, அந்தத் துணி பிடிக்கவில்லை என்றால் எறிய வேண்டாம். ஓரமாய் மடித்து வையுங்கோ.

உங்கள் கோபம் ஆறட்டும் என்று மன்றாடும்
தங்கச்சி இமெல்டா

*

மொன்றியல்
22.05.2005

அன்புள்ள அக்கா,

சுகமா? உங்கள் பதில் வரவில்லை. தபால் பிந்துகிறதா, இல்லை இன்னும் கோபமா?

அவசரமான விசயம். அந்தத் துணியை உடனே திருப்பி அனுப்புங்கோ. பதிவுத் தபாலில் போடுங்கோ. மா அவித்திருந்தாலும் பரவாயில்லை, மஞ்சளடித்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்புங்கோ. கிழவிக்கு அது வேண்டுமாம். மியூசியத்துப் பெண் வருகிற ஜூன் பதினெட்டாம் திகதிக்கு முதல் வந்தால் நல்லது.

வேறு விசேசம் இல்லை. மரி-ரோஸ் வேலையை விட்டு நின்றுவிட்டாள். இப்போது துணி தோய்க்கிறதும் என் தலையில்தான்.

கெதியாய் அனுப்புங்கோ, அக்கா.

இமெல்டா

*

பாசையூர்
20.06.2005

அன்புத் தங்கச்சிக்கு,

இறைவன் துணையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறோம்.

பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள் வெகு சிறப்பு. இந்த முறை அந்தோனியார் சுருவத்தை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். ஜெயனி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூத்தூவுகிற பிள்ளைகளோடு முன்னுக்கு நடந்தாள். கௌரி முதற்கொண்டு எல்லோரும், "ஆர் மாமி தைச்சது?" என்று கேட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று வீட்டுக்கு வந்து மூன்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பங்குத்தந்தைக்குத் தெரிந்தால் ஏசுவார்.

துணி தானே, பார்க்கிறேன். இப்போது தபால் கந்தோருக்கு நடக்க முழங்கால் விடுகிறதில்லை.

ஒன்று கேட்கிறேன். உன்னை வேலையில் சேர்த்துவிட்ட அந்த ஹெயிட்டிப் பெண் ஏன் திடீரென்று நின்றாள்? நீ எழுதிய மாதிரி எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் நீ கண்ணாடிப் போத்தலை உடைத்துவிட்டு, "போத்தில் உடைஞ்சு போச்சு" என்று சொல்வாய். உடைத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அக்கா

*

மொன்றியல்
10.07.2005

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்குக் கை வரவில்லை, மன்னியுங்கோ.

நீங்கள் கேட்ட பிறகு ஒரு கிழமை ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. சொல்கிறேன். அந்தத் துணி சும்மா கிடந்ததில்லை, விரித்துப் பார்க்கவில்லை என்று எழுதியதும் பொய். கீழ் லாச்சியில், பழந்துணிகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தது. நான் ஒரு வெள்ளிக்கிழமை கிழவியைக் கேட்காமல் எடுத்து என் பைக்குள் வைத்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பாவோ, இது அம்மாவின் நினைவு, தரமாட்டேன் என்று சொல்லியிருப்பாவோ, அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கேட்க வெட்கம், அக்கா. ஐம்பது வயதில், கனடாவில், ஒரு வெள்ளைக்காரியிடம் போய், "உங்கட மாச்சாக்கைத் தாறீங்களோ" என்று கேட்கிறதா? களவெடுப்பது அதைவிட லேசாக இருந்தது.

அது சாதாரணச் சாக்கு இல்லையாம். 1918இல் பெரிய காய்ச்சல் வந்தபோது கிழவிக்கு ஐந்து வயது. தாய் அந்தச் சாக்கை விரித்து, மகளை மேலே படுக்க வைத்து, நத்தாருக்குச் சட்டை தைக்கப் பென்சிலால் அளவு கீறினாவாம். வெட்டுவதற்கு முன் காய்ச்சல் தாயைக் கொண்டுபோய்விட்டது. தாயின் கை பட்ட கோடு என்று அதை மட்டும் எண்பத்தேழு வருசமாய் வெட்டாமல் தைக்காமல் வைத்திருந்திருக்கிறா. மியூசியத்துக்காரிக்கு அதுதான் முக்கியமாம். மற்றக் கடுதாசிகள் போலப் பல இடத்தில் உண்டாம், இப்படி ஒன்று எங்கேயும் இல்லையாம்.

கிழவிக்குச் சொந்தத்தில் ஒரு பெறாமகள் இருக்கிறா. அவ ஏஜென்சிக்கு அறிவித்து, அவர்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாய் விசாரித்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன். "அந்த லாச்சியைத் திறப்பது யார்?" என்று கேட்டார்கள். துணிகள் மரி-ரோஸின் வேலை என்றேன். அது பொய்யில்லை. உண்மையைச் சொல்லியே அவளைக் கவிழ்த்தேன். அடுத்த நாள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

மியூசியத்துப் பெண் வந்து தகரத்தை மட்டும் கொண்டுபோனாள். துணி வந்தால் போதும், எங்கேயோ கிடந்ததை எடுத்தேன் என்று லாச்சிக்குள் வைத்துவிடுவேன். மரி-ரோஸும் தப்பிவிடுவாள். கைகூப்பிக் கேட்கிறேன், அனுப்புங்கோ.

பாவி
இமெல்டா

*

பாசையூர்
15.08.2005
மாதாவின் விண்ணேற்புத் திருநாள்

தங்கச்சி இமெல்டா,

உன் கடிதம் கிடைத்தது. ஏச வேண்டும் என்று பேனையை எடுத்தேன், ஏச எனக்கு வாயில்லை. நீ அனுப்பச் சொல்கிற துணி இப்போது இல்லை. நான் வெட்டிவிட்டேன்.

சாக்கைப் பார்த்து உன்னை ஏசி எழுதிய பிறகு, ஒருநாள் வெயிலில் விரித்துப் பார்த்தேன். மறுபக்கத்தில் பென்சில் கோடு. தோள், கை, அரை, விளிம்பு, ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைக்கு அளவெடுத்தாற்போல. ஜெயனிக்குச் சட்டை தைக்கச் சொல்லி நீதான் கீறி அனுப்பியிருக்கிறாய், மா அவிக்க என்று சொன்னது பகிடிக்கு என்று நினைத்தேன். என் தங்கச்சி எனக்குக் கீறி அனுப்பியிருக்கிறாளே, நான் நாய் மாதிரிக் குரைத்துவிட்டேனே என்று அழுதுகொண்டு, மே மாத முதல் கிழமை கத்தரிக்கோலை வைத்தேன். கோட்டின் மேலேயே வெட்டினேன். கழுத்து மட்டும் சதுரமாய்க் கீறிக் கிடந்தது, பிள்ளைக்கு வட்டம்தான் வடிவு என்று வட்டமாக்கினேன். எழுத்து ஒன்றும் தெரியக்கூடாது என்று சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று நாள் அவித்துக் கசக்கினேன். என் பேத்தியை ஒருத்தரும் மாமூட்டை என்று கூப்பிடக்கூடாது என்ற வைராக்கியம். ஒரு எழுத்தும் மிச்சமில்லை.

இதையும் சொல்லவேண்டும். உடனே அனுப்பச் சொன்ன உன் கடிதம் ஜூன் எட்டாம் திகதியே எனக்குக் கிடைத்தது. திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. பிள்ளைக்கு வேறு வெள்ளைச் சட்டை இல்லை, பூத்தூவ ஆயத்தமாய் நிற்கிறாள். தெரிந்துகொண்டுதான் போட்டுவிட்டேன். பேந்து உனக்கு முழங்காலைச் சாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற குடும்பம் போலும் எங்களுடையது.

நேற்றுச் சட்டையைக் கழற்றித் தரச் சொன்னபோது ஜெயனி, "ஏன் அம்மம்மா, நான் ஊத்தையாக்கினனானோ?" என்று கேட்டாள். தோய்த்து மினுக்கிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இனி லாச்சிக்குள் வைத்துவிட்டுத் தப்பலாம் என்ற கதை இல்லை. நல்லதுதான். போய் உண்மையைச் சொல்லு. வேலை போனால் போகட்டும், உனக்குக் கையும் காலும் இருக்கிறது. நீ கவிழ்த்த அந்த மரி-ரோஸுக்குப் பெயர் போய்விட்டது.

அக்கா
யோசெப்பின்

*

மொன்றியல்
18.09.2005

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும். சட்டை பத்திரமாய் வந்து சேர்ந்தது. உங்கள் தையல் அப்படியே அம்மாவின் தையல். அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

இன்னும் சொல்லவில்லை. போன கிழமை சொல்ல இருந்தேன், கிழவிக்குச் சளிக்காய்ச்சல். அதற்கு முதல் கிழமை இவருக்கு வேலையில் பாதி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் என்னையும் நிறுத்தினால் வீடு என்னவாகும்? நிஷானுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா கள்ளி என்று அவனுக்கு எந்தப் பாசையில் சொல்ல?

அந்த ஊரில் நூறாவது வருசக் கண்காட்சி தொடங்கிவிட்டதாம். மியூசியத்துப் பெண் படங்கள் அனுப்பியிருந்தாள். நான் உறைக்குள் போட்ட கோதுமைத் துண்டும் விதைப் பைக்கற்றும் கண்ணாடிக்குள் வரிசையாய் இருக்கின்றன. கிழவிக்குப் படம் தெரியாது, ஒவ்வொன்றாய் நான்தான் சொன்னேன். கடைசிப் படம் முடிந்ததும், "வேற ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டா. இல்லை என்றேன்.

மரி-ரோஸுக்கு வேறு நல்ல வேலை கிடைத்திருக்குமாம் என்று ஒருத்தி சொன்னாள். நத்தார் முடியட்டும் அக்கா, ஆறுதலாய்ப் போய்ச் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மாறாத
இமெல்டா

*

பாசையூர்
09.10.2005

இமெல்டாவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதில் உன் கணவனைப் பற்றி இருக்கிறது, மகனைப் பற்றி இருக்கிறது, கிழவியின் சளியைப் பற்றியும் இருக்கிறது. மரி-ரோஸுக்கு நீ ஒதுக்கியது ஒரேயொரு வரி. அதுவும் பொய்.

அவள் வீட்டுக்குப் போன பிறகு எழுது. அதற்கு முன் எழுதினால் உடைக்காமல் வைத்துவிடுவேன்.

யோசெப்பின்

*

மொன்றியல்
27.11.2005

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டு வந்து எழுதுகிறேன், உடைத்து வாசியுங்கோ. நாங்கள் மூவரும் உடம்புக்குச் சுகம். இவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முதல்லயே எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை சட்டையை எடுத்துக்கொண்டு மிஸிஸ் லின்டிடம் போனேன். அவவின் மடியில் வைத்து, எடுத்தது நான், ஊருக்கு அனுப்பியது நான், தெரியாமல் வெட்டித் தைத்தது என் அக்கா என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவ ஏசவில்லை. விரலால் தோளைத் தடவினா, கையைத் தடவினா, அரையில் இரண்டு தரம் போய் வந்தா. கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது சதுரமாய் இருக்கவேணும். எனக்குச் சதுரக் கழுத்துத்தான் வேணும் எண்டு நான் அழுதனான். அதுக்காகத்தான் அம்மா அழிச்சுப்போட்டுத் திரும்பக் கீறினவ."

சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "மரி-ரோஸிட்டப் போனியோ?" என்று கேட்டா.

"இல்லை."

"அப்ப ஏன் முதல் இஞ்ச வந்தனி?"

இங்கே சொல்வது லேசு என்று நினைத்துத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? வேலை முடிந்தது. ஏஜென்சியில் தானே கதைப்பதாகச் சொன்னா. சட்டையைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் மரி-ரோஸ் இருக்கிற சென்-மிஷேலுக்குப் போனேன். எங்கள் ஸ்ரேசனில் நீல மெற்றோவில் ஏறினால் அதுதான் கடைசி ஸ்ரேசன், மாறி ஏறத் தேவையில்லை. இவ்வளவு நாளும் அந்தப் பக்கமே போகாதவள் போல உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய், அக்கா. ஜூலையில் ஒருநாள் நான் அங்கே போனேன். உங்களுக்கு உண்மையை எழுதிய அதே கிழமை. நிஷானுக்குச் சிறுத்துப்போன உடுப்புகளை அவளுடைய மகனுக்கென்று ஒரு பையில் கட்டிக்கொண்டு போனேன். சொல்லத்தான் போனேன். அவள் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்து, மேசையில் இருத்திச் சோறும் சிவப்பு அவரையும் போட்டுத் தந்தாள். சாப்பிட்டேன். காலநிலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கதைத்தோம். சொல்லாமல் வந்துவிட்டேன்.

இந்த முறை கதவைத் திறந்தாள், சிரிக்கவில்லை. நான் வாசலில் நின்றபடியே என் ஓட்டைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறித்தாள்.

"எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீ பைக்குள்ள வைக்கேக்க நான் குசினி வாசலில நிண்டனான்."

"அப்ப ஏஜென்சிக்காரர் கேக்கேக்க ஏன் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான். நான்தானே உன்னை அங்க சேத்துவிட்டனான். பிறகு ஜூலையில வந்தாய். சரி, சாப்பிட்டு முடியட்டும், சொல்லுவாள் எண்டு காத்திருந்தனான். நீ கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போட்டாய்."

அக்கா, அவள் என்னை அடித்திருக்கலாம். தூசணத்தால் ஏசியிருக்கலாம். ஜூலையில் நான் அந்த மேசையில் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் போட்டுத் தந்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்னை உள்ளே விட்டு, பேப்பரும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இப்போது ஒரு ஹோட்டலில் கட்டில் விரிக்கிறாளாம், பாதி நாள் வேலை. முழு நாள் வேலைக்கு எங்கே கேட்டாலும் முந்திய இடத்தில் விசாரிக்கிறார்களாம். "ஏஜென்சிக்கு உன்ர கையால எழுது," என்றாள். எனக்குப் பிரெஞ்சு எழுதத் தெரியாது என்று சொன்னேன். எழுத்து எழுத்தாய்ச் சொன்னாள். என்னை இருக்கச் சொல்லவில்லை, நானும் இருக்கவில்லை, மேசையில் குனிந்து நின்றபடி எழுதினேன். மிஸிஸ் லின்டின் வீட்டில் துணியை எடுத்தது நான் என்று எழுதினேன். அவள் எடுத்தது என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "அவ உனக்குத் தந்தவவோ?" என்று கேட்டாள். அதை வெட்டிவிட்டுக் களவெடுத்தது நான் என்று எழுதினேன். முழுப் பெயரும் விலாசமும் போடச் சொன்னாள், போட்டேன்.

அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு உறைக்குள் வைத்து ஒட்டினாள். முத்திரையும் ஒட்டினாள். நான் கையை நீட்டி, "தா மரி-ரோஸ், போற வழியில போட்டுவிடுறன்," என்றேன்.

அவள் கொளுவியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டினாள். சப்பாத்தைப் போட்டாள்.

"உன்னட்டத் தந்தா நீ போடமாட்டாய்," என்று சொல்லிவிட்டு, உறையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கிப் பனிக்குள் நடந்தாள். நான் பின்னால் போனேன். மூலையிலிருந்த தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விழுந்ததா என்று மூடியை ஒருதரம் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான், அக்கா. நான் போட்டிருக்க மாட்டேன்.

தங்கச்சி
இமெல்டா